மோல்ட் கொம்பனிக்குப் போன சனிக்கிழமை

என் கணவர் மெல்பேர்ணில் மோல்ட் மா செய்கிற கொம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று நான் ஒரு வருஷத்துக்கு மேலாக நம்பியிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமாகி மூன்றாம் மாதமே அவர் என்னை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். கையில் இரசாயனவியல் பட்டம் இருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. எட்டு மாதம் ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் கோப்பை கழுவினார். பிறகு ஒருநாள் நீல நிற விமானக் கடிதத்தில் எழுதியிருந்தார்: ‘வேலை கிடைத்துவிட்டது. பார்லியை ஊறவைத்து மோல்ட் செய்கிற பெரிய இடம். பரிசோதனைக்கூடத்தில் வேலை.’

மோல்ட் என்றால் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டே, “காய்ச்சல்காரருக்குப் பாலில கரைச்சுக் குடுக்கிற மா இருக்கெல்லோ, அதுதான். நல்ல சத்து” என்றார். அன்று பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கை முழுவதும் அந்தச் செய்தி போய்விட்டது. கோயிலில் கண்டவர்களெல்லாம் என் கணவர் குழந்தைகளுக்குச் சத்துணவு செய்கிறார் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பா எங்கள் ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கள்ளுத் தவறணை வாசலில் போய் நின்று, உள்ளே போகிறவர்களைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். யாரையும் ஏசமாட்டார். சங்கக் கூட்டங்களில் உறுதிமொழி வாசிப்பது பத்து வயதிலிருந்து என் பொறுப்பு. ‘மதுவைத் தொடமாட்டேன்’ என்பதுதான் அப்பா எழுதிக் கொடுத்த வரி. ‘தொடுபவரோடு சேரவும் மாட்டேன்’ என்பதை நானாகச் சேர்த்தேன். அப்பா அதை வெட்டவில்லை. ஆனால் கைதட்டவும் இல்லை.

ஒருமுறை பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், கிணற்றடிப் பக்கம் சாக்கில் சுற்றிய போத்தல்களைக் கண்டுவிட்டேன். பந்தியில் இலை போட்டிருந்தார்கள். சோறு வரமுன் எழும்பி, அம்மாவையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரியம்மா வாசல்வரை ஓடிவந்து அழுதார். அப்பா மட்டும் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அப்போது எனக்கு இருபது வயது.

இப்படிப்பட்ட நான்தான் ஒரு ஆடி மாதக் குளிரில் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கினேன்.

மெல்பேர்ணின் புறநகரான ஃபுட்ஸ்கிரேயில் இரண்டு அறை வீடு. என் கணவர் இருட்டோடு எழும்பி, பழைய காரை உறுமவிட்டு, தென்மேற்கே விரிகுடாப் பக்கம் ஒரு மணி நேரம் ஓடி வேலைக்குப் போவார். பின்னேரம் அவர் உடுப்பைத் தோய்க்கும்போது ஒரு வாசம் வரும். அவித்த தானியத்தின் இனிப்பும், அடியில் புளித்த தோசை மாவின் நெடியும் கலந்த வாசம். மோல்ட் மா இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பேணி கொண்டுவாருங்கள், காலையில் கரைத்துக் குடிக்கலாம் என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். “அது கடைக்கு வாறதுக்கு முன்னம் கனகாலம் வைக்க வேணும்” என்றார். பிறகு யோசித்துப் பார்த்தபோது அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வசந்தம் தொடங்கி மரங்கள் துளிர்த்த நேரம், ஒரு பகல் தொலைபேசி அடித்தது. அவருடைய மேலாளரின் மனைவி. சனிக்கிழமை வேலைத்தலத்தில் குடும்ப நாள், எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு வருகிறார்கள் என்றார். “நீங்கள் கூச்சப்படுகிறவர் என்று உங்கள் கணவர் சொல்கிறார். நான் நம்பவில்லை. கட்டாயம் வாருங்கள்!”

அன்று கணவர் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே கேட்டேன்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“என்னத்தை?”

“குடும்ப நாளை.”

அவர் குனிந்தபடியே சப்பாத்துக் கயிற்றோடு நெடுநேரம் மினக்கெட்டார். “நீர் வர வேண்டாம். அங்க மெசினும் தூசியும்தான். உமக்குப் பொழுது போகாது.”

“நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. குளிர்காலம் முழுக்க நாலு சுவருக்குள் இருந்த மனைவியை வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு மனிதர் ஏன் பயப்பட வேண்டும்? நான் கறுப்பு, சேலை கட்டுகிறவள், ஆங்கிலம் தட்டித் தடவிப் பேசுகிறவள், அதனால் வெட்கப்படுகிறாராக்கும் என்று எனக்குப் பட்டது. அந்த இரவு அதை நினைத்து அழுதேன். அழுததை அவருக்குக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை கடலை வடை சுட்டு ஒரு பிஸ்கற் ரின்னில் அடுக்கினேன். இருந்ததில் நல்ல காஞ்சிபுரச் சேலையைக் கட்டினேன். வெட்கப்படுகிறவர் நன்றாக வெட்கப்படட்டும் என்று ஒரு வீம்பு. காரில் ஏறிப் புறப்பட்டோம். ஒரு பக்கம் வெறும் புல்வெளி, மறுபக்கம் தூரத்தில் சாம்பல் நிறக் கடல். கொம்பனி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“இஞ்சேரும், உமக்கு ஒண்டு சொல்ல வேணும்.”

“சொல்லுங்கோ.”

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. மேலாளரின் கார். அவர் மனைவி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். போ போ என்று சைகை காட்டினார். என் கணவருக்கு வேறு வழியில்லை. காரை உள்ளே விட்டார்.

செங்கல் கட்டடம். அவ்வளவு பெரிய செங்கல் கட்டடத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியதாம். வரிசை வரிசையாக உயரமான யன்னல்கள், ஒரு கோட்டை மாதிரி. உச்சியில் ஆள் உயர எழுத்துகள். டிஸ்டிலறி என்று வாசித்தேன். உடனே எனக்கு வந்த நினைவு பள்ளிக்கூடத்து ‘டிஸ்டில்ட் வாட்டர்’, வடிநீர்தான். மருந்துக்கும் பற்றரிக்கும் ஊற்றுகிற தண்ணீர். அடுத்த சொல்லைப் பார்த்தேன். விஸ்கி.

“இது என்ன?” என்றேன்.

“விஸ்கி.”

“அப்ப மோல்ட்?”

“மோல்ட்டிலதான் விஸ்கி செய்யிறது.”

மடியில் இருந்த வடை ரின் சூடாக இருந்தது மட்டும்தான் தெரிந்தது. கார்க் கதவை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா வீட்டில் எழும்பி நடந்தது போல இங்கே எழும்பி எங்கே நடப்பது? வீடு ஐம்பது மைல் தொலைவில். அதற்குள் மேலாளரின் மனைவி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். ரின்னின் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, “ஓ, இவ்வளவு வேலை செய்திருக்கிறீர்களே!” என்று என் தோளைக் கட்டிப்பிடித்தார். என் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரி என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு முன்னால் கூச்சல் போட எனக்கு வரவில்லை. இறங்கினேன்.

முப்பது பேரளவில் கூடியிருந்தார்கள். நான் எதிர்பார்த்தது தவறணை வாசலை. தள்ளாடுகிறவர்கள், கெட்ட வார்த்தைகள், வாந்தி. இங்கே தலை வாரிய பிள்ளைகள் எலுமிச்சைப் பானம் குடித்துக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய மேலாளர் ஒரு தலைமையாசிரியரைப் போல முன்னே நடந்து விளக்கினார். தானியம் கொட்டுகிற கோபுரம். அரைக்கிற யந்திரம். வெந்நீரில் அரைத்த தானியம் சுழலுகிற இரும்புத் தொட்டி, கோயில் கேணி அளவு. அங்கேதான் அந்த வாசம் என் முகத்தில் வந்து அடித்தது. மூன்று மாதமாக நான் தோய்த்த உடுப்புகளின் வாசம். அதை நான் விரும்பியிருந்தேன். தோய்க்க முன் அவருடைய சேர்ட்டை முகத்தில் வைத்துப் பார்த்த நாட்களும் உண்டு. இப்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன்.

அடுத்து புளிக்கவைக்கிற கூடம். மரத்தொட்டிகள் இரண்டு மாடி உயரம். நாங்கள் நின்றது அவற்றின் வாய்மட்டத்தில். மேலாளர் ஒரு மூடியைத் தூக்கினார். உள்ளே பழுப்பு நுரை கொதித்துக்கொண்டிருந்தது. நெருப்பில்லை, சூடில்லை, தானாகக் கொதித்தது. “யாராவது குனிந்து மணந்து பாருங்கள்” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்திக்கும் இல்லாத தைரியம் எனக்கு இருக்கிறது என்று காட்டவோ, அல்லது அந்தப் பொருளின் முகத்தை நேரே பார்த்துவிடவோ, நான் போய்க் குனிந்தேன்.

யாரோ மூக்கில் குத்தியது போல இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. கண்ணில் ஊசி. அது நுரையிலிருந்து வருகிற வாயு என்றும், சோடாவில் இருக்கிற அதே வாயு என்றும் பிறகு சொன்னார்கள். அந்த நொடியில் எனக்கு அது தெய்வம் அடித்த அடியாகத்தான் பட்டது. என் கணவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். முப்பது பேர் பார்த்திருக்க அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கண்ணீர் வழிந்தபடியே இருந்தது. வாயுவால்தான் என்று அவர்கள் நினைத்தது என் அதிர்ஷ்டம்.

அதன்பிறகு கண்டதெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வீட்டளவு செப்புப் பானைகள், மினுக்கி வைத்த குத்துவிளக்கு நிறத்தில், கழுத்து நீண்டு வளைந்து நின்றன. கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குப் பெரிய பூட்டு. பக்கத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு மனிதர் நின்றார். அவர் கொம்பனி ஆள் இல்லையாம். அரசாங்கத்து மதுவரித் திணைக்கள அதிகாரி. திறப்பு அவரிடம்தான். அவர் இல்லாமல் மேலாளர்கூட ஒரு சொட்டை வெளியே எடுக்க முடியாது என்றார்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் சாராயம் வடிக்கிற இடத்தில் மேசை போட்டு இருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஓய்வூதியம் எடுப்பார் என்பது என் மண்டைக்குள் ஏறவே மறுத்தது.

பிறகு பீப்பாய்க் களஞ்சியம். இருட்டு, குளிர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பீப்பாய்கள். பிள்ளைகள்கூட அங்கே குரலைத் தாழ்த்தினார்கள். எங்கள் ஊர்த் தவறணைகள் எல்லாவற்றையும் அப்பா மூடிவிட்டாலும், இந்த ஒரு கட்டடம் பூமி முழுவதையும் குடிவெறியில் ஆழ்த்தப் போதுமே என்று நினைத்தேன். அந்த எண்ணத்தோடு ஒரு பீப்பாயில் கையை ஊன்றினேன். உடனே நெருப்பில் பட்டதுபோல எடுத்துவிட்டேன்.

கடைசியாகப் பரிசோதனைக்கூடம். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, விஸ்கியை மணந்து தரம் பார்க்கிற சிறிய கண்ணாடிக் குவளைகள். மேலாளர் என் கணவரின் முதுகில் தட்டி எல்லோருக்கும் சொன்னார்:

“இங்கே இருக்கிற மூக்குகளில் இவருடையதுதான் முதல்தரம். காரணம் தெரியுமா? இவர் மணந்து பார்ப்பார், எழுதுவார், கொட்டிவிடுவார். ஒரு துளி விழுங்கியதில்லை. பின்னேரம் நாலு மணிக்கு நான் நம்புகிற ஒரே மூக்கு இதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். கோப்பை கழுவின மனிதர். வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்லுகிறவர். அவரை இவ்வளவு பேர் மதிக்கிறார்கள் என்பதும் எனக்கு ஒரு அடிதான்.

கூட்டம் தேநீருக்கு நகர்ந்தது. நான் நகரவில்லை. அவர் கதவைச் சாத்தினார்.

“அப்பாவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?” என்றேன். “சங்கத் தலைவரின்ர மருமகன் சாராயம் வடிக்கிறார் எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் அவர் செத்துப்போவார். உங்களுக்கு அது விளங்கேல்லையோ?”

அவர் மேசை லாச்சியை இழுத்து, ஒரு பழைய விமானக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பாவின் கையெழுத்து.

‘அன்புள்ள மருமகனுக்கு, நீர் வேலையை ஏற்க முன் என்னிடம் கேட்டது உமது நல்ல குணம். ஏற்றுக்கொள்ளும். எட்டு மாதம் கோப்பை கழுவியது போதும். நான் எதிர்ப்பது குடியை. ஒரு மனிதனின் சீவனத்தை அல்ல. ஊருக்குச் சொல்ல வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் அவள் விமானம் ஏறமாட்டாள். அவள் என்னைவிடக் கடுமையானவள். அந்தக் கடுமையை வளர்த்தது நான்தான் என்று சில வேளை எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வந்து உம்மோடு கொஞ்சக் காலம் வாழ்ந்தபின் தக்க நேரம் பார்த்துச் சொல்லும்.’

மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை எழுத்து மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை, மோல்ட் மா என்ற கதையைக் கட்டியது யார் என்று விளங்கியது. மூன்றாம் தடவை ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. பயமாக இருக்கிறது. தவறணை வாசலில் ஒருமுறை கத்தியோடு மறித்த ஒருவனுக்கும் பயப்படாத என் அப்பா, எனக்குப் பயந்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில் அன்று நான் பார்த்த எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

“உங்களுக்கும் என்னில பயமோ?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றார் அவர். உடனே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை.

தேநீர் மண்டபத்தில் எல்லா வடையும் முடிந்திருந்தது. பூட்டின் திறப்பை வைத்திருந்த அதிகாரி செய்முறை கேட்டார். ஊறவைத்த கடலைப்பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதினார். என் வாய் பேசிக்கொண்டிருந்தது. நான் வேறெங்கோ இருந்தேன்.

ஒரு கிழமை நாங்கள் இருவரும் சாப்பாடு, தண்ணி, கதவு தவிர வேறொன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பகல் குசினிக் கதிரையில் இருந்து அப்பாவுக்கு எழுதினேன். மோல்ட் கொம்பனியைப் போய்ப் பார்த்தேன், பெரிய கட்டடம், நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தையும் வாசித்தேன் என்று மட்டும். கோபமாக நாலு பக்கம் எழுதிக் கிழித்தபின் மிஞ்சியது அவ்வளவுதான்.

பதில் வர ஒரு மாதமாயிற்று. அம்மாவின் கடிதம். அப்பா சங்கத் தலைமையை விட்டுவிட்டாராம். கண் சரியில்லை என்று கூட்டத்தில் சொன்னாராம். ‘அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை’ என்று அம்மா எழுதியிருந்தார். அடியில் அப்பாவின் கையெழுத்தில் இரண்டே வரி: ‘மகளே, என் வாழ்நாள் முழுவதும் அதை எதிர்த்தேன். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்ததை எழுது.’

நான் எழுதினேன். செப்புப் பானையைப் படமாக வரைந்து, எங்கே ஊற்றுவது, எங்கே ஆவியாவது, எங்கே குளிர்வது என்று அம்புக்குறி போட்டேன். விளங்காததை என் கணவரிடம் கேட்டேன். நாங்கள் மறுபடி பேசத் தொடங்கியது அப்படித்தான். அவர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் வரைபடத்தில் கழுத்து கட்டையாகிவிட்டது என்று திருத்தினார்.

அடுத்த வருஷம் மேலாளரின் மனைவி மறுபடி தொலைபேசியில் அழைத்தார். போத்தல் நிரப்புகிற கூடத்தில் பெண்களுக்கு இடம் இருக்கிறதாம், பகல் வேலையாம், வருகிறீர்களா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். கணவர் வந்ததும் சொன்னபோது, இந்தமுறை அதிர்ந்தது அவர்தான்.

“உமக்கென்ன விசரோ?”

“நாள் முழுக்க சுவரைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.”

“அப்பாவுக்கு என்ன சொல்லப்போறீர்?”

“போத்தல் கூடம் எண்டுதான் சொல்லுவன். அவர் கேக்கிறதுக்கு முன்னம்.”

நாலு வருஷம் அங்கே வேலை செய்தேன். வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, பட்டியில் நகர்ந்து வருகிற போத்தல்களுக்குள் தூசு தும்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. என் வலது பக்கம் ஒரு இத்தாலிக்காரி, இடது பக்கம் ஒரு கிரேக்கப் பெண். இருவருக்கும் என்னைவிட ஆங்கிலம் குறைவு. முதல் நாள் இடைவேளையில் இத்தாலிக்காரி என் கையைப் பிடித்துப் பார்த்து, நடுங்குகிறதே, குளிரா என்று கேட்டார். பத்து வயதிலிருந்து நான் வாசித்த உறுதிமொழியை அவருக்கு எப்படிச் சொல்வது? குளிர்தான் என்றேன். அவர் தன்னுடைய கம்பளி மேலங்கியைக் கழற்றி என் சேலைக்கு மேலால் போர்த்திவிட்டு, தன் கதிரைக்குத் திரும்பிப் போனார்.